துறுதுறுவென்று இருக்கும் நாலு வயசுப் பையனுக்கு என்ன விளையாட்டுச் சாமான் வாங்குவது?

கேட்டிருப்பவர் தண்டையார்பேட்டையில் இரண்டாவது மாடியில், ஒற்றைப் படுக்கையறை வீட்டில் குடியிருக்கும் ஒரு அம்மா. பையனுக்கு நாலு வயசு. ஒரு இடத்தில் நிற்க மாட்டான். கட்டிலிலிருந்து குதிக்கிறான், சோபாவின் முதுகில் ஏறுகிறான், சட்டைக் காலரை மென்று மென்றே நனைத்துவிடுகிறான். வாங்கித் தரும் பொம்மை எதுவும் இரண்டு நாள் தாங்குவதில்லை. கீழ்வீட்டில் இருக்கும் ஓனர் சத்தத்துக்காக மேலே வந்து சொல்லிவிட்டுப் போகிறார். தாத்தா, பிறந்தநாளுக்கு உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி கார் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆன்லைனில் 4,500 ரூபாய்க்கு 'சென்சரி கிட்' என்று, புலன்களுக்கு வேலை தரும் சாமான் என்ற பெயரில், ஒரு பெட்டி கண்ணில் பட்டிருக்கிறது. எதை வாங்கினால் கொஞ்ச நேரமாவது அமைதியாக விளையாடுவான் என்று கேட்கிறார்.

இதற்குள் மூன்று கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. என்ன வாங்குவது, வாங்கினால் அடங்குவானா, இவனுக்கு வேறு ஏதாவது இருக்கிறதா. மூன்றாவதை நீங்கள் எழுதவில்லை. ஆனால் எழுதியிருக்கிற விதத்தில் அந்தப் பயம் தெரிகிறது. முதல் கேள்விக்கு என்னால் தைரியமாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்குப் பாதிதான் சொல்ல முடியும். மூன்றாவதற்குப் பிள்ளையை நேரில் பார்க்காமல் யார் பதில் சொன்னாலும் நம்பாதீர்கள், நான் உட்பட. நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது விளையாட்டு, சாப்பாடு மாதிரி அன்றாட வேலைகளில் பிள்ளைகளுக்கு உதவும் சிகிச்சையாளர். ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகளோடுதான் பல வருஷமாக வேலை. உங்கள் வீடு மாதிரியான வீடுகளுக்குள் போய்ப் பார்த்த பழக்கம் இருப்பதால், பெரிய ஹாலும் தோட்டமும் இருப்பதாக நினைத்துக்கொண்டு எழுத மாட்டேன்.

வேண்டாததை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கிட் வேண்டாம். இந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் முள்முள்ளாக ஒரு பந்து, அமுக்கினால் பிதுங்கும் ஒரு ரப்பர் பொம்மை, குமிழ்களை அமுக்கி விளையாடும் பாப்-இட், விளக்கெரியும் பம்பரம் இவைதான் இருக்கும். தனித்தனியாக வாங்கினால் நானூறு ஐந்நூறு ரூபாய்க்கு மேல் போகாது. பணத்தைவிட எனக்குப் பயம், சில கிட்டுகளில் ஜெல்லி மணி வைத்திருப்பார்கள். தண்ணீரில் போட்டால் ஊதிப் பெரிதாகும் கலர் மணி. வாயில் எதையும் வைக்கும் பிள்ளை விழுங்கினால் அது குடலுக்குள் போய் ஊதும். குடல் அடைத்து ஆபரேஷன் வரை போன பிள்ளைகள் உண்டு. எக்ஸ்ரேயில் அது சரியாகத் தெரியவும் தெரியாது. காலர் மெல்லும் பிள்ளை இருக்கும் வீட்டுக்குள் அது நுழையவே கூடாது.

பேட்டரி காரில் ஆபத்து அவ்வளவு இல்லை. ஆனால் உங்கள் பையனுக்கு அது பொருந்தாது. அவன் உடம்பு தள்ள, இழுக்க, ஏறக் கேட்கிறது. அந்தக் காரோ அவனை உட்கார வைத்துவிட்டு வேலையைத் தானே செய்கிறது. ஒரு வாரத்தில் அவன் அதன் மேல் ஏறி நின்று குதிப்பான், கார் உடைந்தது என்று அவனுக்குத் திட்டு விழும். தாத்தாவின் பணம் வீணாக வேண்டாம் என்றால் மிதிக்கும் மூன்று சக்கர சைக்கிளாக வாங்கச் சொல்லுங்கள். அதை ஓட்ட எங்கே கூட்டிப்போவது என்பதையும் அவரிடமே விட்டுவிடுங்கள். தினமும் சாயங்காலம் தாத்தாவோடு ராபின்சன் பூங்காவோ பெரம்பூர் முரசொலி மாறன் பூங்காவோ போய்வந்தால் அதற்கு ஈடான பொம்மை எந்தக் கடையிலும் கிடையாது.

அவன் உடம்பு என்ன கேட்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறேன்? ஐம்புலன் நமக்குத் தெரியும். அவற்றைத் தவிர இரண்டு உண்டு. தசையும் மூட்டும் எவ்வளவு இழுபடுகிறது, அமுங்குகிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வு ஒன்று. தலை எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று உள்காது சொல்லும் சமநிலை உணர்வு இன்னொன்று. இந்த இரண்டையும் தொடுபுலனையும் முன்னால் வைத்துப் பிள்ளைகளின் நடத்தையைப் புரிந்துகொள்ள முயன்றவர் ஜீன் ஏர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், 1970-களில். பிறகு 1997-ல் வினி டன் என்பவர், பிள்ளைகள் புலன் உணர்வை எதிர்கொள்ளும் விதத்தை நான்காகப் பிரித்தார். அதில் ஒன்றுதான் தேடிப் போகிற வகை. போதவில்லை, இன்னும் வேண்டும் என்று அலைகிற பிள்ளைகள். உங்கள் பையன் செய்வதாக எழுதியிருப்பதில் குதிப்பது, ஏறுவது, மெல்வது மூன்றும் பெரும்பாலும் தசை, மூட்டு உணர்வுப் பக்கமே வருகின்றன. மெல்வதும் தாடைத் தசைக்குக் கனமான வேலைதான். அவன் ஓயாமல் தன்னைத்தானே சுற்றிக்கொண்டாலோ, தலைகீழாகத் தொங்கினாலோ, மண், தண்ணீர், மாவு என்று எதையாவது அளைந்துகொண்டே இருந்தாலோ நான் சொல்லும் சாமானும் மாறும். அதனால் கடைக்குப் போகும் முன்பு இரண்டு மூன்று நாள் அவனைத் தடுக்காமல், ஆபத்தில்லாத அளவுக்கு, சும்மா பாருங்கள். எப்போது அதிகமாகிறது, எதைச் செய்தபின் கொஞ்சம் தணிகிறான் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வைத்தால் போதும்.

பொம்மை ஏன் உடைகிறது என்பதற்கும் பதில் இங்கேயே இருக்கிறது. பட்டனை அழுத்தினால் பாடும், லைட் எரியும், நகரும். அவ்வளவுதான், அதற்கு மேல் அதில் செய்ய ஒன்றுமில்லை. பத்து நிமிஷத்தில் அது தெரிந்துவிட்ட பிள்ளை அடுத்து என்ன செய்வான்? தரையில் அடித்துப் பார்ப்பான், பிரித்துப் பார்ப்பான். அதைக் குறும்பு என்று நான் சொல்ல மாட்டேன். எப்படிப் போட்டு வைத்தாலும் வேறொன்றாக ஆகிற சாமான்தான் அவனுக்கு வேண்டும். சைமன் நிக்கல்சன் என்ற கலைஞர் 1971-ல் இதைத்தான் எழுதினார். நகர்த்தவும், அடுக்கவும், கலைக்கவும் கூடிய தனித்தனித் துண்டுகள் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு கற்பனைக்கு இடம் என்று. கட்டை, பெட்டி, கயிறு, துணி, மணல், தண்ணீர் இதெல்லாம் அந்த வகை.

இனி வாங்க வேண்டியவை. வாங்கவே தேவையில்லாதவையும் இதில் உண்டு. முதலாவது ஒரு காய்கறி டிரே, மார்க்கெட்டில் தக்காளி அடுக்கி வைக்கும் அந்தக் கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டி. உங்களுக்குக் காசிமேடு பக்கம்தான், ஆனால் மீன் ஏற்றிய பெட்டி வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் வாடை போகாது. டிரேயின் அடியில் பழைய பெட்ஷீட்டை நாலாக மடித்துக் கட்டிவிடுங்கள். மொசைக் தரையில் சத்தமில்லாமல் வழுக்கும், ஓனருக்கும் கேட்காது. உள்ளே இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு. அதாவது நாலு கிலோ. நாலு வயசுப் பிள்ளைகள் பலர் பதினைந்து, பதினாறு கிலோ இருப்பார்கள். அந்த எடைக்கு இது நல்ல பாரம், ஆனால் தள்ளுவதற்கு மட்டும், தூக்குவதற்கு அல்ல. சமையலறையிலிருந்து வாசல் வரை தள்ளிக்கொண்டு போய்த் திரும்பச் சொல்லுங்கள். முதலில் அது லாரியாக இருக்கும். அப்புறம் தண்ணி லாரியாகும், படகாகும், ஒரு நாள் அவனே உள்ளே உட்கார்ந்துகொண்டு உங்களைத் தள்ளச் சொல்வான். கயிறு கட்டி இழுக்கலாம், கவிழ்த்துப் போட்டு மேலே ஏறலாம். ஒரு சாமானில் தள்ளுவது, இழுப்பது, ஏறுவது, நுழைவது எல்லாம் வந்துவிட்டது. கயிறு மட்டும் அவன் கையளவு நீளத்துக்கு மேல் இருக்கக் கூடாது, கழுத்தில் சுற்றிக்கொள்ளும். விளையாட்டு முடிந்ததும் அவிழ்த்து எடுத்து வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, துணி மூட்டை. இதை நான் யாருக்கும் சொல்லாமல் விடுவதில்லை. கிழிந்த காட்டன் புடவை இரண்டைத் தெருமுனை டெய்லரிடம் கொடுத்து, தலையணை உறை மாதிரி, ஆனால் மூன்றடிக்கு இரண்டடி அளவில், இரட்டைத் தையல் போட்டு வாங்குங்கள். உள்ளே பழைய நைட்டி, பேன்ட், துண்டு என்று வீட்டில் இருப்பதைத் திணியுங்கள். பட்டன், ஜிப், ஊக்கு எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டுத் திணிப்பது முக்கியம். ஐந்தாறு கிலோ வரும். வாயைத் தைத்து மூடிவிடுங்கள். அவன் அதைக் கட்டிப்பிடித்துப் புரளுவான், குத்துவான், சுவரோரம் தள்ளுவான். கட்டிலிலிருந்து குதிப்பதை நிறுத்து என்று நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொன்னாலும் நிற்காது. இந்த மூட்டையைக் கீழே போட்டு, அதன் கீழே ஒரு இலவம்பஞ்சு மெத்தையும் விரித்து, இங்கேதான் குதிக்கலாம் என்று இடம் காட்டினால் நிறையப் பிள்ளைகள் கேட்கிறார்கள். சத்தமும் பாதியாகக் குறையும். படுக்கும்போது மட்டும் மூட்டை கட்டில் மேல் வேண்டாம். எடைப் போர்வை என்று விற்பதையும் இந்த வயசுக்கு வாங்க வேண்டாம். தானாக விலக்க முடியாத பாரம் தூங்கும் பிள்ளை மேல் இருக்கக் கூடாது.

மூன்றாவது, மரக்கட்டை. கடையில் கலர் அடித்த சின்னச் சின்னக் கட்டை விற்பார்கள், அது இவனுக்குப் பத்தாது. எடை இருக்க வேண்டும். உங்கள் பக்கத்து தச்சுப் பட்டறையில் தேக்கு, வேம்புத் துண்டு கழிவாகக் கிடக்கும். செங்கல்லில் பாதி அளவில் இருபது இருபத்தைந்து துண்டு கேட்டு வாங்குங்கள். முனையை உருட்டித் தரச் சொல்லி, உப்புத்தாள் போட்டு, சும்மா விட்டுவிடலாம், பெயின்ட் வேண்டாம். பிளைவுட் துண்டு வேண்டாம், பசையும் சிலாம்பும். துறைமுகம் பக்கத்திலேயே இருப்பதால் நம் ஏரியாவில் பேக்கிங் பலகை மலிவாகக் கிடைக்கும். அதை எடுப்பதானால் ஓரத்தில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. (HT) என்று இருந்தால் சூடு காட்டிப் பூச்சி போக்கியது. எம்.பி. (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, அதைத் தொட வேண்டாம். முத்திரையே இல்லாததும், எண்ணெய்க் கறை படிந்ததும் வேண்டாம்.

பழைய டூவீலர் டயர் ஒன்று மெக்கானிக் கடையில் சும்மாவே கொடுப்பார்கள். உருட்ட, உள்ளே உட்கார, மேலே நடக்க ஆகும். கம்பி வெளியே நீட்டாததாகப் பாருங்கள். மாடியில் போட்டு வைத்தால் மழைத் தண்ணீர் தேங்கி டெங்கு கொசு வரும், உள்ளே எடுத்து வைக்க வேண்டும். பந்து என்றால் பழைய கால்பந்தைப் பாதிக் காற்றோடு கொடுங்கள். கால்பந்துக்குப் பேர்போன வியாசர்பாடிப் பையன்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. பாதிக் காற்றில் பந்து எகிறாது, சத்தம் வராது, உதைக்கப் பலமும் அதிகம் வேண்டும்.

வாங்கவே வேண்டாத சாமான் வீட்டு வேலையில் இருக்கிறது. ஈரத் துண்டைப் பிழிவது, பாயைச் சுருட்டித் தூக்கி மூலையில் சாத்துவது, குடத்திலிருந்து சொம்பால் மொண்டு பக்கெட்டில் ஊற்றுவது, துணிக்கூடையை மொட்டை மாடிக் கதவு வரை இழுத்து வருவது. நம் பக்கம் மெட்ரோ வாட்டர் பிடித்து டிரம்மில் வைக்காத வீடு குறைவு. அந்த டிரம் மட்டும் எப்போதும் மூடி போட்டே இருக்க வேண்டும், மூடி மேல் கனமும் வேண்டும். ஏறுகிற பிள்ளை தலைகுப்புற விழ அரை டிரம் தண்ணீர் போதும். அதே காரணத்துக்காகப் பால்கனிச் சுவர் ஓரத்தில் நாற்காலி, ஸ்டூல், இந்த டிரே எதுவும் இருக்கக் கூடாது. இரண்டாவது மாடி என்று எழுதியிருக்கிறீர்கள். கிரில் இல்லையென்றால் இந்தப் பொம்மைப் பணத்தை முதலில் அதற்குச் செலவழியுங்கள், ஓனரிடம் பேசியாவது.

விரலுக்கு மாவு. ஆன்லைனில் சொல்லும் உப்பு மாவு, அதாவது மைதா இரண்டு பங்கு, உப்பு ஒரு பங்கு போட்டுப் பிசைவது, வாயில் வைக்கும் பிள்ளைக்குக் கூடாது. அவ்வளவு உப்பு உள்ளே போவது ஆபத்து. சப்பாத்தி மாவே போதும், கொஞ்சம் கெட்டியாகப் பிசைந்து கொடுங்கள். இட்லித் தட்டின் குழியில் ஒவ்வொன்றாக அழுத்தி நிரப்பி, பின்பக்கம் தட்டி எடுப்பதைப் பிள்ளைகள் அலுக்காமல் செய்வார்கள். டபராவைக் கவிழ்த்து வட்டம் வெட்டுவான், குழவியால் நசுக்குவான். அன்றைக்கே தூக்கிப் போட்டுவிட வேண்டும். அரிசியையும் பருப்பையும் தட்டில் கொட்டி அளைய விடுவது இப்போது ஃபேஷனாக இருக்கிறது. வீட்டுப் பெரியவர்கள் சோற்றை வைத்து என்ன விளையாட்டு என்பார்கள், எனக்கும் அவர்கள் பக்கம்தான். அதோடு பட்டாணி, பருப்பு எல்லாம் மூக்கில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வரும் பிள்ளைகள் நிறைய. மணல் நல்லது. ஆனால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலரிப்புக்குப் பயந்து பாறாங்கல் கொட்டிய கரையாகவே பெரும்பாலும் இருக்கிறது, பிள்ளை உட்கார்ந்து தோண்ட இடமில்லை. கல்லின் மேல் ஏறவும் விடாதீர்கள், வழுக்கும். ஞாயிற்றுக்கிழமை மெரினாவுக்குப் போங்கள், அல்லது ஒரு பேசினில் ஆற்று மணலைக் கழுவிக் காயவைத்து லேசாக ஈரப்படுத்திக் கொடுங்கள். எம்-சாண்ட் வேண்டாம், அதில் கிரஷர் தூசு கலந்திருக்கும், மூச்சில் போகும்.

காலர் மெல்வதற்குத் தனியாக 'சூயி' என்று சிலிக்கான் டாலர் விற்கிறார்கள். நல்லதாகக் கிடைத்தால் தப்பில்லை, ஆனால் கழுத்துக் கயிறு இழுத்தால் தானாகக் கழன்றுகொள்வதாக இருக்க வேண்டும். அதற்கு முன்னால் சாப்பாட்டில் பாருங்கள். கேரட், கொய்யா, வெள்ளரி, சுட்ட சோளம், தேங்காய்ப் பத்தை இதெல்லாம் கடித்து மெல்லக் கொடுங்கள். உட்கார வைத்துத்தான், ஓடும்போது அல்ல. துணி மெல்வதோடு நிற்காமல் மண், சுவர்ச் சுண்ணாம்பு, சாக்பீஸ் என்று தின்கிறான் என்றால் அதைப் பொம்மையால் சரிசெய்யப் பார்க்காதீர்கள். இரும்புச் சத்துக் குறைவு பல நேரம் இப்படித்தான் வெளியே தெரியும். ஒரு ரத்தப் பரிசோதனை செய்து, பூச்சி மருந்து கொடுத்தாயிற்றா என்றும் பாருங்கள்.

ஊஞ்சலைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். பூங்கா ஊஞ்சல் நல்லது. வீட்டில் மின்விசிறிக் கொக்கியில் எதையும் மாட்டாதீர்கள், அது குதிக்கிற பிள்ளையின் இழுப்புக்குப் போட்டதல்ல. தம்பி தங்கைக்குக் கட்டிய தூளி வீட்டில் இருந்தால் இவனை அதில் தனியாக விடவே கூடாது. சேலைத் தூளியை முறுக்கிச் சுற்றி விளையாடும்போது கழுத்து இறுகிப் பிள்ளைகள் இறந்தது நம் நாட்டு மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது.

கடையில் வாங்குவதாக இருந்தால் பார்க்க வேண்டியது சில. 2021 ஜனவரி 1 முதல் 14 வயசுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்வதற்கு விலக்கு உண்டு, அதனால் மரச் செப்புச் சாமானில் முத்திரை இல்லை என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் பாரிமுனை நடைபாதையில் கவரில் போட்டு விற்கும் முத்திரையில்லாத பிளாஸ்டிக்கைத் தவிர்க்கலாம். பட்டன் பேட்டரி போட்ட எதையும், திருகாணி போட்டு மூடியது தவிர, வீட்டில் வைக்காதீர்கள். உணவுக் குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் புண்ணாக்கத் தொடங்கிவிடும். அளவுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். மூன்று வயசுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு எது சின்ன சாமான் என்று பார்க்கும் சோதனைக் குழாயின் விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் போகிற எதுவும் தொண்டையில் அடைக்கும் என்று கணக்கு. நம் ஏரியாவில் கேரம் போர்டு இல்லாத வீடு எங்கே இருக்கிறது? கேரம் காய் 30 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அந்தக் குழாய்க்குள் அநேகமாகப் போய்விடும். உங்கள் பையனுக்கு நாலு வயசு ஆனாலும் வாயில் வைப்பவன் என்பதால் நான் மூன்று வயசுக் கணக்கையே வைத்துக்கொள்வேன். காயை எண்ணி டப்பாவில் போட்டுப் பரண் மேல் வையுங்கள்.

இதில் எவ்வளவு உறுதி, எவ்வளவு சந்தேகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எளிய பொம்மை நல்லது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்பதற்கு ஆதாரம் ஓரளவு இருக்கிறது. அமெரிக்காவில் டொலிடோ பல்கலைக்கழகத்தில் ஒன்றரை முதல் இரண்டரை வயசு வரையான 36 பிள்ளைகளை வைத்துப் பார்த்தார்கள். 16 பொம்மை இருந்தபோது இருந்ததைவிட 4 பொம்மை மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதமாக விளையாடினார்கள். 2018-ல் வெளியானது. பாடும், பேசும் பொம்மை இருந்தால் பெற்றோர் பிள்ளையிடம் பேசுவது குறைகிறது என்று 2016-ல் இன்னொரு ஆய்வு. அது 26 ஜோடிகள்தான், பிள்ளைகள் ஒன்றரை வயசுக்கும் கீழே. இரண்டுமே சின்ன ஆய்வு, உங்கள் பையன் வயசும் அல்ல. ஆனாலும் நான் வீடுகளில் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது. ஆகவே நாலைந்து சாமான் மட்டும் வெளியே, மற்றது மூட்டை கட்டி லாஃப்டில். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை மாற்றுங்கள். நாளெல்லாம் ஓடி ஆட விட வேண்டும் என்பதும் உறுதி. 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது, மூன்று நாலு வயசுப் பிள்ளைக்கு ஒரு நாளில் குறைந்தது மூன்று மணி நேர உடல் அசைவு, அதில் ஒரு மணி நேரம் மூச்சு வாங்குகிற அளவுக்கு. செல்போன், டிவி ஒரு மணி நேரத்துக்குள். அந்தக் கணக்கில் பார்த்தால் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் உங்கள் பையன் கேட்பது ஒன்றும் அதிகமில்லை.

சந்தேகம் எங்கே என்றால், இந்தக் கனமான வேலை பிள்ளையை அமைதிப்படுத்தும் என்பதில். என் தொழிலில் இருப்பவர்கள் இதை நிச்சயமாகச் சொல்வார்கள். எனக்கும் பார்த்த அளவில் தெரிகிறது, சாப்பிட உட்காரும் முன்பு பத்து நிமிஷம் டிரே தள்ளினால் பல பிள்ளைகள் இலையில் கூடுதலாகக் கொஞ்ச நேரம் உட்காருகிறார்கள். ஆனால் அது தசை வேலையாலா, அம்மாவோ அப்பாவோ பத்து நிமிஷம் கூடவே இருந்ததாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012-லேயே, புலன் சார்ந்த சிகிச்சைக்கு ஆதாரம் குறைவு, அதைப் பெற்றோரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றது. 2013-ல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலிலும் 'சென்சரி ப்ராசஸிங் டிஸ்ஆர்டர்', அதாவது புலன் உணர்வைக் கையாள்வதில் கோளாறு, என்று தனி நோய் கிடையாது. ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக மட்டும் புலன் வித்தியாசம் இடம்பெறுகிறது. அதனால் உங்கள் பிள்ளைக்கு அந்தப் பெயர் வைத்து மாதக் கணக்கில் பாக்கேஜ் போட்டால், எதை மாற்றப் போகிறீர்கள், மாறியது என்று எப்படித் தெரியும், எத்தனை நாளில் பார்ப்போம் என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் இல்லையென்றால் எழுந்து வந்துவிடலாம். உடம்பைப் பிரஷ்ஷால் தேய்ப்பது, எடை வைத்த ஜாக்கெட் இவற்றுக்கெல்லாம் நான் காசு செலவழிக்கச் சொல்வதில்லை. இன்னொன்று, எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரி இல்லை. குதித்தால் தணிகிற பிள்ளை உண்டு, குதிக்கக் குதிக்க வெறி ஏறுகிற பிள்ளையும் உண்டு. உங்கள் பையன் இரண்டாவது வகை என்று தெரிந்தால் ராத்திரி ஏழு மணிக்கு மேல் மூட்டையை மறைத்துவிட்டு, மாவையோ துணி பிழிவதையோ கொடுங்கள்.

ஓனர் விஷயத்துக்கு ஒரு வார்த்தை. குதிக்கிற நேரத்தை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள், காலை பால்வாடிக்கு முன் பத்து நிமிஷம், சாயங்காலம் அரை மணி என்று. எப்போது நிற்கும் என்று தெரியாத சத்தத்துக்குத்தான் ஆட்கள் அதிகம் கோபப்படுகிறார்கள். மொட்டை மாடிச் சாவி கிடைத்தால் சாயங்காலம் அங்கே, பெரியவர் ஒருவர் கூடவே நிற்க.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். நாலு வயசில் ஓடுவது, ஏறுவது, பொம்மையை உடைப்பது இவற்றை மட்டும் வைத்து ஏ.டி.எச்.டி. (கவனம் நிற்காமையும் மிதமிஞ்சிய துறுதுறுப்பும்) என்றோ ஆட்டிசம் என்றோ சொல்ல முடியாது. வீட்டில் மட்டுமா, பால்வாடியிலும் அப்படித்தானா என்பது முதல் கேள்வி. ஏ.டி.எச்.டி. என்று முடிவு செய்ய ஒரு இடம் போதாது. அப்படியே இருந்தாலும் இந்த வயசில் முதலில் தருவது பெற்றோருக்கான பயிற்சி, மாத்திரை அல்ல. ஆனால் இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப் போடாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, மூன்று நாலு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை, முன்பு பேசியதை இப்போது விட்டுவிட்டான், மற்ற பிள்ளைகள் பக்கம் போவதே இல்லை, அடிபட்டாலும் வலி தெரியாத மாதிரி இருக்கிறான், தன்னைத்தானே அடித்துக்கொள்கிறான், தூக்கத்தில் பலமாகக் குறட்டை விடுகிறான். குறட்டையை யாரும் கவனிப்பதில்லை. ராத்திரி சரியாக மூச்சு விட்டுத் தூங்காத பிள்ளை பகலில் சோர்ந்து கிடக்க மாட்டான், தாறுமாறாக ஓடுவான். காது கேட்கிறதா என்ற பரிசோதனையும் முதலிலேயே செய்துவிட வேண்டும்.

அதற்குப் பெரிய காசு செலவழிக்க வேண்டியதில்லை. உங்களுக்குப் பக்கத்தில் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, எழும்பூரில் குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கிறது. 2013-லிருந்து நடக்கும், பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுத் திட்டத்தில், வளர்ச்சி தாமதமாகும் பிள்ளைகளைப் பார்க்க டி.இ.ஐ.சி. என்ற ஆரம்ப இடையீட்டு மையங்கள் உண்டு. குழந்தைகள் ஓ.பி.யில் கேட்டால் எங்கே அனுப்ப வேண்டுமோ அங்கே எழுதித் தருவார்கள். போகும்போது பையன் வீட்டில் விளையாடும் இரண்டு நிமிஷ வீடியோ ஒன்று, உங்களோடு பேசும் வீடியோ ஒன்று செல்போனில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் புது இடத்தில் பிள்ளை வேறு மாதிரி இருப்பான், டாக்டருக்கு வீட்டில் இருக்கும் பையனைத்தான் பார்க்க வேண்டும். பால்வாடி டீச்சரிடம் நாலு வரி எழுதி வாங்கிக்கொண்டு, அந்தக் காலண்டர் தாளையும் சேர்த்து எடுத்துப் போங்கள். காலையில் சீக்கிரமே போய்விடுங்கள், வரிசையில் காத்திருக்கும் நேரத்துக்குக் கடித்து மெல்ல ஏதாவது பையில் இருக்கட்டும்.